ஐம்பது பேர் கணக்கு

1945, ஏப்ரல் 12. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் வார்ம் ஸ்பிரிங்ஸ் என்று ஒரு சின்ன ஊர். ஜனாதிபதி ஃப்ராங்க்ளின் ரூஸ்வெல்ட் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து ஃபைல் பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே ஒரு பெண்மணி அவரைப் படம் வரைந்துகொண்டிருந்தார். மதியச் சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது. திடீரென்று ரூஸ்வெல்ட்டின் கை தலைப்பக்கம் போனது. பின்மண்டை பயங்கரமாக வலிக்கிறது என்றார். அப்படியே சரிந்தார்.

கூடவே இருந்த டாக்டர் ஹோவர்ட் ப்ரூன் ஓடிவந்து பி.பி. பார்த்தார். 300/190.

நம் வீட்டுப் பெரியவர் யாருக்காவது 160 என்று மெஷின் காட்டினாலே ஆட்டோவைக் கூப்பிடுகிறோம். இது 300. மூன்று மணி முப்பத்தைந்து நிமிடத்துக்கு எல்லாம் முடிந்துவிட்டது. மூளைக்குள் ரத்தக் கசிவு. ரூஸ்வெல்ட்டுக்கு வயது 63. உலகப்போர் இன்னும் முடியவில்லை. ஹிட்லர் சாக இன்னும் 18 நாள் பாக்கி.

இது யாரும் எதிர்பார்க்காமல் வந்த மரணம் என்றுதான் ஜனாதிபதியின் தலைமை மருத்துவர் மெக்கின்டயர் பத்திரிகைக்காரர்களிடம் சொன்னார். சுத்தப் பொய். 1937-ல் ரூஸ்வெல்ட்டின் பி.பி. 162/98. 1941-ல் 188/105. 1944 மார்ச்சில் இதய நிபுணரான ப்ரூன் முதன்முதலாக அவரைப் பரிசோதித்தபோது 186/108, அத்தோடு இதயம் வேறு களைத்துப்போக ஆரம்பித்திருந்தது. சாவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் சில வேளைகளில் 240/130 வரை போனது. நம்பர்கள் கத்திக்கொண்டேதான் இருந்திருக்கின்றன.

கத்தினால் என்ன? கையில் என்ன வைத்தியம் இருந்தது? உப்பைக் குறை, சிகரெட்டைக் குறை, பத்து மணி நேரம் தூங்கு, தூக்கம் வர ஒரு மாத்திரை போட்டுக்கொள். இதயத்துக்கு டிஜிடாலிஸ். உலகத்தின் மிகப் பெரிய பணக்கார நாட்டு ஜனாதிபதிக்கே அன்றைக்கு இவ்வளவுதான்.

இன்னொரு கூத்தும் இருந்தது. பி.பி.யைக் குறைக்கலாமா கூடாதா என்பதிலேயே பெரிய டாக்டர்களுக்குள் சந்தேகம். வயதாக ஆக ரத்தக்குழாய் இறுகும், அதற்குள் ரத்தத்தைத் தள்ள இதயத்துக்குக் கூடுதல் அழுத்தம் தேவை, அதைப் போய்க் குறைத்துவைத்தால் ஆபத்து என்று நினைத்தார்கள். லிவர்பூல் பேராசிரியர் ஜான் ஹே 1931-ல் ஒரு படி மேலே போனார். பி.பி. இருப்பவனுக்குப் பெரிய ஆபத்து அது கண்டுபிடிக்கப்படுவதுதானாம். கண்டுபிடித்துவிட்டால் எவனாவது ஒரு முட்டாள் அதைக் குறைக்கப் பார்ப்பான் என்றார். இந்த வகை ரத்தக் கொதிப்புக்கு ஆங்கிலத்தில் வைத்த பெயரிலேயே 'அத்தியாவசியம்' என்ற அர்த்தம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பெயர் இன்னும் போகவில்லை.

குறைக்க முயன்ற சில துணிச்சல்காரர்கள் செய்ததும் சாதாரணமாக இல்லை. முதுகெலும்பை ஒட்டி ஓடும் நரம்புகளை ஆபரேஷன் செய்து வெட்டினார்கள். வால்டர் கெம்ப்னர் என்கிற டாக்டர் வட கரோலினாவில் நோயாளிகளுக்கு உப்பில்லாத சோறும் பழமும் சர்க்கரையும் மட்டும் போட்டார். நிஜமாகவே பலருக்கு பி.பி. இறங்கியது. ஆனால் குழம்பு ரசம் மோர் எதுவுமில்லாமல் வெறும் சோற்றை எத்தனை மாதம் தின்ன முடியும்? நம்மாலேயே முடியாது. அமெரிக்கர்கள் பாவம்.

இதே காலத்தில் இங்கே ஒரு பெரியவருக்கும் பி.பி. எகிறிக்கொண்டிருந்தது. மகாத்மா காந்தி. 1940 பிப்ரவரியில் அவருக்கு 220/110. அவரது உடல்நலக் குறிப்புகளை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2019-ல் வெளியிட்டது. அதில் ஒரு சின்ன விஷயம் இருக்கிறது. தன் டாக்டரான சுசீலா நய்யாருக்கு எழுதிய கடிதம் ஒன்றில், பி.பி. உயர்வாகவே இருக்கிறது, சர்ப்பகந்தா சொட்டு எடுத்துக்கொண்டேன் என்கிறார்.

ரூஸ்வெல்ட்டின் டாக்டர்களுக்குத் தெரியாத ஒரு சமாசாரம் காந்தியின் மருந்துக் குப்பியில் இருந்திருக்கிறது. இந்தக் கட்டுரை அந்தக் குப்பியைப் பற்றியது. அதில் இருந்ததை எண்ணிப் பார்த்துக் கணக்கெழுதிய ஒரு பம்பாய் டாக்டரைப் பற்றியது.

சர்ப்பகந்தா என்பது ஒரு குட்டிச் செடி. இரண்டடி, மூன்றடி உயரம். இமயமலை அடிவாரத்திலிருந்து கேரளம் வரைக்கும் வளரும். பாம்பு மாதிரி வளைந்து நெளிந்து போகும் வேர். வேர் பாம்பு மாதிரி இருந்தால் பாம்புக் கடிக்கு நல்லது என்று ஒரு நம்பிக்கை. கீரி இதைத் தின்றுவிட்டுத்தான் நாகத்தோடு சண்டைக்குப் போகும் என்று கதை வேறு. பீகார் பக்கம் இதற்கு 'பாகல் கி தவா' என்று பெயர். பைத்தியத்துக்கு மருந்து. வெறிபிடித்துக் கத்துகிறவர்களுக்கு வேரை அரைத்துக் கொடுத்தால் அடங்கித் தூங்கிவிடுவார்கள்.

தாவரவியல் பெயர் ராவுல்ஃபியா. ராவுல்ஃப் என்பவர் பதினாறாம் நூற்றாண்டு ஜெர்மானிய டாக்டர். மத்தியக் கிழக்கில் ஊர் சுற்றிவிட்டுவந்து புத்தகம் எழுதினார். அங்கே ஜனங்கள் கறுப்பாக, சூடாக ஒரு பானம் குடிக்கிறார்கள் என்று அதில் எழுதினார். காபியைப் பற்றி ஐரோப்பாவில் அச்சேறிய முதல் தகவல் அதுதான். இந்தியாவுக்கு அவர் வந்ததே கிடையாது. நம் செடியைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. அவர் செத்து நூறு வருஷம் கழித்து ஒரு பிரெஞ்சுக்காரர் மரியாதைக்காக அவர் பெயரை இந்த வகைச் செடிகளுக்கு வைத்துவிட்டார். அதிர்ஷ்டக்காரர்.

இந்த இடத்தில் நம் ஆட்கள் சிலர் மீசையை முறுக்குவார்கள். பார்த்தீர்களா, மூவாயிரம் வருஷத்துக்கு முன்பே நம் முன்னோர் பி.பி.க்கு மருந்து கண்டுபிடித்துவிட்டார்கள் என்பார்கள். கொஞ்சம் பொறுங்கள். ரப்பர் பட்டையைக் கையில் கட்டி பி.பி. அளக்கும் கருவியை இத்தாலிக்காரர் ரீவா ரோச்சி செய்தது 1896-ல். ஸ்டெதஸ்கோப்பை வைத்து சத்தம் கேட்டு இரண்டு நம்பரையும் பிடிக்கலாம் என்று ரஷ்யாவின் கொரட்காஃப் சொன்னது 1905-ல். அதற்கு முன்னால் பி.பி. என்ற ஒன்றை நோயாளியின் கையில் பட்டை கட்டி அளக்க வழியே இல்லை. அளக்காத ஒன்றுக்கு மருந்து எப்படிக் கண்டுபிடிப்பது? முன்னோருக்குத் தெரிந்தது, இந்த வேர் மனிதனை அமைதிப்படுத்தும் என்பது. அதுவே பெரிய விஷயம். இல்லாததை ஏற்றிச்சொல்ல வேண்டியதில்லை.

பி.பி.யோடு இதை முடிச்சுப் போட்டவர்கள் கல்கத்தாக்காரர்கள். 1931-ல் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இரண்டு டாக்டர்கள், இந்த வேர் பைத்தியத்துக்கும் உயர் ரத்த அழுத்தத்துக்கும் மருந்தாகும் என்று ஓர் இந்திய மருத்துவப் பத்திரிகையில் எழுதினார்கள். அதே வருஷம் டெல்லியில் ஹகீம் அஜ்மல் கானின் யுனானிக் கல்லூரியில் சலிமுஸ்ஸமான் சித்திக்கி என்கிற ரசாயன விஞ்ஞானி வேரிலிருந்து சில பொருள்களைப் பிரித்தெடுத்து, ஒன்றுக்கு அஜ்மலின் என்று ஹகீமின் பெயரையே வைத்தார். 1934-ல் ஹிமாலயா கம்பெனி 'செர்பினா' என்று மாத்திரையே போட்டுவிட்டது.

ஆக, ரூஸ்வெல்ட் சரிந்து விழுவதற்குப் பதினோரு வருஷம் முன்பே இங்கே கடையில் மாத்திரை இருக்கிறது. ஆனால் வெளியுலகத்தில் ஒரு சலனமும் இல்லை. ஏன்?

இந்திய டாக்டர் சொன்னால் வெள்ளைக்காரன் கேட்க மாட்டான் என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். அதில் உண்மை இல்லாமலும் இல்லை. ஆனால் அது முழு உண்மை இல்லை என்பது என் கட்சி. நான் படித்தது பி.காம். எனக்குத் தெரிந்ததெல்லாம் கணக்குப் புத்தகம்தான். கடையில் வியாபாரம் அமோகம் என்று முதலாளி வாயால் எத்தனை முறை சொன்னாலும் ஆடிட்டர் கையெழுத்துப் போட மாட்டார். லெட்ஜரைக் காட்டு என்பார். சர்ப்பகந்தாவுக்கு லெட்ஜர் எழுதியவர்தான் ருஸ்தம் ஜால் வகீல்.

வகீல் ஒரு பார்ஸி. 1911-ல் பிறந்தவர். லண்டனில் மருத்துவம் படித்துத் தேறி பம்பாய் திரும்பி, பரேலில் இருக்கும் கே.இ.எம். ஆஸ்பத்திரியில் இதய நிபுணராக இருந்தார். அவரும் எல்லோரையும் போல இந்த மாத்திரையை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தவர்தான். வித்தியாசம் என்னவென்றால், கொடுத்ததோடு நிறுத்தவில்லை. வேறு காரணம் எதுவும் தெரியாத, சாதாரண ரத்தக் கொதிப்பு உள்ள 50 பேரைத் தேர்ந்தெடுத்தார். மருந்துக்கு முன் எவ்வளவு, பின் எவ்வளவு என்று நம்பர் நம்பராக எழுதினார். நான்கு வாரம் கழித்துப் பார்த்தால் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் பி.பி. இறங்கியிருந்தது. சிலருக்குக் கொஞ்சம், சிலருக்கு நிறைய.

இதை அவர் அனுப்பியது லண்டனிலிருந்து வரும் பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னலுக்கு. 1949-ல் வெளியானது. மொத்தம் ஆறே பக்கம்.

பாஸ்டன் நகரத்தில் ராபர்ட் வில்கின்ஸ் என்று ஒரு டாக்டர். பி.பி.க்கு எந்த மூலையில் என்ன மருந்து வந்தாலும் சோதித்துப் பார்க்கிற ஆள். வகீலின் ஆறு பக்கம் அவர் கண்ணில் பட்டது. இந்தியாவிலிருந்து மாத்திரையை வரவழைத்தார். பெரிய நம்பிக்கை ஒன்றும் கிடையாது. ஆனால் வேலை செய்தது. தடாலடியாக இல்லை, மெதுவாக, ஒன்றிரண்டு வாரம் எடுத்துக்கொண்டு இறக்கியது. கூடவே ஓர் இலவச இணைப்பு. நோயாளிகள் சாந்த சொரூபிகளாகிவிட்டார்கள். எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தவர்கள், போனால் போகிறது போ என்று உட்கார்ந்திருந்தார்கள். பீகார் கிராமத்து ஜனங்கள் கண்டதை பாஸ்டன் நோயாளிகளும் காட்டினார்கள்.

அப்புறம் எல்லாம் வேகம். 1952-ல் ஸ்விட்சர்லாந்தின் சீபா கம்பெனி விஞ்ஞானிகள் வேருக்குள் ஒளிந்திருந்த முக்கியமான ஆளைப் பிடித்து ரிசர்பின் என்று பெயர் வைத்தார்கள். கைப்பிடி வேர்ப்பொடி செய்கிற வேலையை ஒரு மில்லிகிராமில் கால் பாகம் செய்தது. இந்தியக் காடுகளில் ஆளாளுக்கு வேரைத் தோண்டினார்கள். செடியே அழிந்துவிடுமோ என்று பயந்து 1950-களில் அரசாங்கம் வேர் ஏற்றுமதிக்குத் தடை போட்டது. கம்பெனிகள் ஆப்பிரிக்காவுக்குப் போய் இதன் ஒன்றுவிட்ட தம்பி ஒருவனைப் பிடித்தார்கள். அதிலும் ரிசர்பின் இருந்தது. காட்டுச் செடியின் சர்வதேச வியாபாரத்துக்கு இன்றைக்கும் கட்டுப்பாடு உண்டு.

ரிசர்பின் உடம்புக்குள் என்ன செய்கிறது? நம் நரம்பு முனைகளில் குட்டிக் குட்டி குடோன்கள் இருக்கின்றன. அதில் நார்-அட்ரினலின் என்கிற சரக்கு மூட்டை மூட்டையாக இருக்கும். அவசரம், கோபம், பயம் என்றால் குடோன் திறக்கும், சரக்கு வெளியே வரும், ரத்தக்குழாய் இறுகும், பி.பி. ஏறும். ரிசர்பின் நேராக குடோனுக்குப் போய்ச் சரக்கை உள்ளே அடுக்கவிடாமல் தடுத்துவிடுகிறது. நாலு நாளில் ஸ்டாக் காலி. ஆர்டர் வந்தாலும் அனுப்ப ஒன்றுமில்லை. குழாய்கள் தளர்கின்றன.

ஆனால் மூளையிலும் இதே மாதிரி குடோன்கள் உண்டு. அங்கேயும் சரக்கு காலியாவதால்தான் அந்த சாந்தம். டோஸ் அதிகமானால் சாந்தம் சோர்வாகும், சிலருக்குத் தற்கொலை எண்ணம் வரைக்கும் போனதாக 1950-களிலேயே டாக்டர்கள் எழுதினார்கள். அதே கெட்ட குணத்திலிருந்து ஒரு நல்ல காரியமும் நடந்தது. ஸ்வீடனில் ஆர்விட் கார்ல்சன் ரிசர்பின் கொடுத்து முயல்களைச் சிலையாக்கிவிட்டு, பிறகு எல்-டோபா என்ற பொருளைக் கொடுத்து எழுந்து ஓட வைத்தார். டோபமைன் என்பது மூளைக்கு என்ன என்று அதிலிருந்துதான் தெரிந்தது. பார்க்கின்சன் நோய்க்கு மருந்து பிறந்தது. கார்ல்சனுக்கு 2000-ல் நோபல்.

சரி, பி.பி.க்கு வருவோம். வகீலின் லெட்ஜரில் ஓர் ஓட்டை இருந்தது. மருந்து கொடுத்தால் நம்பர் இறங்குகிறது, ஒப்புக்கொள்கிறோம். நம்பர் இறங்கினால் ஆள் பிழைப்பானா? ஜான் ஹே கிளப்பிய சந்தேகம் அப்படியேதான் இருந்தது. ஒருவேளை நம்பரை இறக்கியே ஆளைக் கொல்கிறோமோ? வகீலின் 50 பேருக்கு எதிர்ப்பக்கத்தில் மருந்து சாப்பிடாத இன்னொரு 50 பேர் இல்லை. டெபிட் இருக்கிறது, கிரெடிட் இல்லை.

அந்தக் கணக்கை முடித்தவர் வாஷிங்டனில் முன்னாள் ராணுவத்தினருக்கான ஆஸ்பத்திரியில் இருந்த எட்வர்ட் ஃப்ரைஸ். 1960-களில் பல ஊர் ராணுவ ஆஸ்பத்திரிகளைச் சேர்த்துக்கொண்டு ஒரு சோதனை நடத்தினார். பாதிப் பேருக்கு நிஜ மருந்து, பாதிப் பேருக்கு டம்மி மாத்திரை. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, பார்க்கும் டாக்டருக்கும் தெரியாது. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிற ஆளா என்று முதலிலேயே சோதித்தார்கள். மாத்திரையில் ஒரு வைட்டமினைக் கலந்துவிட்டு, புற ஊதா விளக்கில் சிறுநீர் மின்னுகிறதா என்று பார்த்தார்கள். மின்னாதவன் டபாய்க்கிறான் என்று அர்த்தம். வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

நிஜ மருந்து மூன்று பொருள்களின் கூட்டணி. சிறுநீரைப் பெருக்கும் ஹைட்ரோகுளோரோதையசைட். ரத்தக்குழாயைத் தளர்த்தும் ஹைட்ரலசின். மூன்றாவது, நம் ரிசர்பின்.

கீழ் நம்பர் 115 முதல் 129 வரை இருந்த 143 பேரின் கதை 1967-ல் வெளிவந்தது. டம்மி சாப்பிட்ட 70 பேரில் 27 பேருக்கு மூளை ரத்தக் கசிவு, இதயக் கோளாறு மாதிரி கடுமையான பாதிப்பு. நான்கு பேர் செத்தே போனார்கள். மருந்து சாப்பிட்ட 73 பேரில் பாதிப்பு வெறும் இரண்டு பேருக்கு. சாவு ஒன்றுகூட இல்லை. இதற்கு மேல் டம்மி கொடுப்பது பாவம் என்று அந்தப் பகுதியைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள்.

கீழ் நம்பர் 90 முதல் 114 வரை இருந்த 380 பேரின் கணக்கு 1970-ல் வந்தது. டம்மி பக்கம் 19 சாவு, மருந்துப் பக்கம் 8. பக்கவாதம் டம்மி பக்கம் 20 பேருக்கு, மருந்துப் பக்கம் 5 பேருக்கு. ஜான் ஹே சொன்ன முட்டாள்கள்தான் கடைசியில் ஜெயித்தார்கள். இன்றைக்குத் தெருவுக்குத் தெரு கிளினிக்கில் டாக்டர் யோசிக்காமல் பி.பி. மாத்திரை எழுதுகிறாரே, அந்தத் தைரியத்துக்கு அஸ்திவாரம் இந்த இரண்டு அறிக்கைகள்.

அமெரிக்காவில் மருத்துவத்துக்குத் தரும் பெரிய பரிசு லஸ்கர் விருது. வகீலுக்கு 1957-ல் கொடுத்தார்கள். வில்கின்ஸுக்கு 1958-ல். ஃப்ரைஸுக்கு 1971-ல். ஒரே வேரைத் தொட்ட மூன்று பேருக்கு மூன்று விருது, அதில் முதல் விருது நம் ஆளுக்கு. 1958-ல் பத்மபூஷணும் வந்தது. ஆனாலும் ராமன் தெரியும், ராமானுஜன் தெரியும், வகீலைத் தெரியுமா என்று கேட்டால் மருத்துவம் படித்தவர்களில்கூட எத்தனை பேர் தலையாட்டுவார்கள் என்பது சந்தேகம்தான். கல்கத்தாவின் சென்னையும் போஸையும் அதைவிடக் குறைவான பேருக்குத்தான் தெரியும்.

ரிசர்பினின் கதை சோகமாக முடிந்தது. 1974-ல் லான்செட் பத்திரிகையில் ஒரே சமயத்தில் மூன்று கட்டுரைகள். இந்த மருந்தைச் சாப்பிடும் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் அதிகமோ என்று சந்தேகம் கிளப்பின. பிற்பாடு நடந்த ஆராய்ச்சிகள் அந்த பயத்தை உறுதி செய்யவில்லை. ஆனால் பேர் கெட்டது கெட்டதுதான். அதற்குள் புதுப்புது மாத்திரைகள் வரிசைகட்டி வந்துவிட்டன. விலை மலிவான, காப்புரிமை முடிந்துபோன ஒரு பழைய மருந்துக்காக வக்காலத்து வாங்க எந்தக் கம்பெனிக்கு வேலையில்லை? வகீலும் அதே 1974-ல் காலமானார்.

இந்தியாவில் மட்டும் அது அப்புறமும் ரொம்ப நாள் ஓடியது. என் அப்பாவுக்கு பி.பி. இருப்பது 1984-ல் எல்.ஐ.சி. பாலிசிக்காக டெஸ்ட் எடுத்தபோது தெரிந்தது. குடும்ப டாக்டர் ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்தார். தினமும் காலையில் இட்லிக்கு அப்புறம் ஒன்று. பத்துப் பன்னிரண்டு வருஷம் சாப்பிட்டார். பி.பி. சொன்னபடி கேட்டது. ஒரே ஒரு தொந்தரவு, எப்போதும் மூக்கடைப்பு. சித்திரை வெயிலிலும் ஜலதோஷக் குரலில்தான் பேசுவார். அம்மா ராத்திரியானால் நீலகிரித் தைலத்தைத் தேய்த்துவிடுவாள்.

இந்தக் கட்டுரைக்காகப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் பழைய பிரிஸ்கிரிப்ஷனைத் தேடி எடுத்துப் பார்த்தேன். அந்த ஒற்றை மாத்திரைக்குள் மூன்று மருந்துகள். ஹைட்ரோகுளோரோதையசைட், ஹைட்ரலசினின் கூடப்பிறந்ததான டைஹைட்ரலசின், ரிசர்பின். ஏறக்குறைய ஃப்ரைஸின் அதே கூட்டணி. ரிசர்பினின் பக்கவிளைவுகளில் முதல் வரிசையில் நிற்பது மூக்கடைப்பு. மூக்குக்குள் இருக்கும் ரத்தக்குழாய்களும் தளர்ந்து வீங்கிவிடுமாம்.

தொண்ணூறுகளின் நடுவில் டாக்டர் மாத்திரையை மாற்றினார். ஒரு மாதத்தில் அப்பாவின் மூக்கு திறந்துகொண்டது. நீலகிரித் தைலம் கடைசியில் வேலை செய்துவிட்டது என்று அம்மா இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறாள்.